ஒரே சங்கு, வேறு வேறு காது: ஈஸ்ட்ரோஜனும் சுண்டெலியின் ரத்தக்குழாயும்

காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. விடியற்காலை ஏலத்துக்குப் போய்த் திரும்பி, மீதி மீனை வாசலில் வைத்து அரிந்துகொண்டிருந்தபோது ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, நீ ஒடம்ப பத்திதானே படிச்ச? எனக்கு மாசாமாசம் வர்றது நின்னு ரெண்டு வருசம் ஆவுது. அதுக்கு முன்னாடி பிபின்னா இன்னான்னே தெரியாது. இப்ப தெனம் மாத்திர. டாக்டரம்மா 'ஹார்மோன் கொறஞ்சிடுச்சு, அதான்'னாங்க. ஹார்மோன் கொறஞ்சா ரத்தக்கொழாய்க்கு இன்னா?"

நான் உடலியங்கியல் படித்தவள். தண்டையார்பேட்டையில் நர்சிங் மாணவிகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். இதே கேள்வியை என் மாணவிகள் யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. இதற்கான பதிலில் பெரும்பகுதி மனிதர்களிடம் கிடைத்தது இல்லை, சுண்டெலியிடம் கிடைத்தது. அதனால் சுண்டெலி வழியாகவே சொல்கிறேன்.

முதலில் குழாய் என்ற சொல்லைக் கொஞ்சம் மறந்துவிட வேண்டும். மெட்ரோ வாட்டர் பைப்பின் அகலம் பதித்த நாளில் என்னவோ அதுதான் கடைசிவரை. ரத்தக்குழாய் அப்படி இல்லை. அது உயிருள்ள தசை. நொடிக்கு நொடி தானே சுருங்கும், தானே விரியும். அகலத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் ஓட்டத்தில் பெரிய மாற்றம் வரும். அழுத்தம் மாறாமல் இருக்க, குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால் ஓட்டம் பாதியாகக் குறையாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதே அளவு ரத்தத்தைத் தள்ள வேண்டுமென்றால் இதயம் அழுத்தத்தை ஏற்றியாக வேண்டும். ரத்த அழுத்தம் என்ற பேச்சு பாதிக்கு மேல் இங்கே அடங்கிவிடுகிறது.

ஆட்டுக்குடல் வாங்கி வந்து வீட்டில் சுத்தம் செய்து பார்த்தவர்களுக்கு ரத்தக்குழாயின் அமைப்பை விளக்குவது எளிது. போட்டிக்கு வெந்நீர் ஊற்றி உள்பக்கத்தைச் சுரண்டினால் ஒரு மெல்லிய படலம் உரிந்து வரும்; அதற்கு வெளியே இருப்பது தசை. தமனியும் கிட்டத்தட்ட இப்படித்தான். உள்ளே ஒரே ஒரு வரிசை செல்களால் ஆன உட்படலம். ரத்தம் நேராக உரசுவது அதைத்தான். அதைச் சுற்றித் தசை அடுக்கு. அதற்கும் வெளியே ஒரு போர்வை.

அந்த உட்படலத்துக்கு ஒரு காலத்தில் பெரிய மதிப்பு இல்லை. ரத்தம் ஒட்டாமல் இருக்க உதவும் பூச்சு என்றுதான் நினைத்தார்கள். 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்கர் அந்த எண்ணத்தை மாற்றினார். முயலின் பெருந்தமனித் துண்டில் அசிடைல்கோலின் என்ற பொருளை விட்டால் சில நேரம் தசை தளர்ந்தது, சில நேரம் தளரவில்லை. காரணம் என்னவென்று தேடினால், துண்டை வெட்டித் தயார் செய்யும்போது உட்படலம் தெரியாமல் உரசிப்போயிருந்தால் தளர்ச்சி இல்லை! தளரச் சொல்லும் ஆணை தசையிலிருந்து வரவில்லை, உட்படலத்திலிருந்து வருகிறது. அந்த ஆணை நைட்ரிக் ஆக்சைடு என்ற சிறிய வாயு மூலக்கூறு என்பது பிறகு தெரிந்தது. உட்படலச் செல்லில் உண்டாகி, பக்கத்துத் தசைச் செல்லுக்குள் நுழைந்து, அதைத் தளர்த்திவிட்டுச் சில நொடிகளில் காணாமல் போய்விடும். இந்த வேலைக்காக ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, ஹார்மோன் இதில் எங்கே வருகிறது?

பெரம்பூர் பக்கத்துப் பெரியவர்களிடம் ஆலைச் சங்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒரே சத்தம்தான், ஊர் முழுக்கக் கேட்கும். ஷிப்டுக்குப் போகிறவர் சைக்கிளை எடுப்பார். ஷிப்டு முடிந்தவர் கை கழுவுவார். வீட்டில் இருக்கும் அம்மா உலை வைப்பார். தொட்டிலில் தூங்கும் குழந்தை ஒன்றுமே செய்யாது. யார் என்ன செய்ய வேண்டும் என்பது சங்கின் சத்தத்துக்குள் இல்லை, கேட்பவரிடம் இருக்கிறது. ஹார்மோனும் இப்படித்தான். ஒரு சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. அதைக் 'கேட்கும்' புரதம் எந்தச் செல்லில் இருக்கிறதோ அந்தச் செல் மட்டும் வேலை செய்யும். அந்தப் புரதத்துக்குத்தான் ஏற்பி என்று பெயர், ஆஸ்பத்திரிப் பேச்சில் ரிசெப்டர்.

ஈஸ்ட்ரோஜன் என்பது பெரும்பாலும் சூலகத்தில் சுரக்கும் ஹார்மோன். ஆண்களிடமும் உண்டு, டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும். இதற்கு உடம்பில் ஏற்பி என்று ஒன்று இருக்கிறது என்பதை 1950-களின் கடைசியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் காட்டினார். கதிரியக்கக் குறி போட்ட ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குக் கொடுத்து அது எங்கே போய்த் தங்குகிறது என்று பார்த்தார். கருப்பை போன்ற சில உறுப்புகள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன, மற்றவை விட்டுவிட்டன. அப்புறம் ரொம்ப காலம் ஈஸ்ட்ரோஜனுக்கு ஒரே ஓர் ஏற்பி என்றுதான் பாடப்புத்தகம் சொன்னது. 1996-இல் சுவீடனில் யான்-ஓகே குஸ்தஃப்சன் குழுவினர், எலியின் புராஸ்டேட் சுரப்பியில் இரண்டாவது ஒன்றைக் கண்டார்கள். பழையதற்கு ஆல்ஃபா என்றும் புதியதற்கு பீட்டா என்றும் பெயர் வந்தது.

இந்த இரண்டும் ஒரே புரதத்தின் இரண்டு துண்டுகள் இல்லை. மனிதரில் ஆல்ஃபாவின் ஜீன் 6-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, பீட்டாவின் ஜீன் 14-இல். ஆல்ஃபாவில் 595 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 530. டிஎன்ஏ மேல் உட்காரும் பகுதி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. ஹார்மோனைப் பிடிக்கும் பகுதியில் வேறுபாடு கூடுதல். இரண்டின் முன்முனையும் ஒன்றுக்கொன்று ஒட்டாத அளவுக்கு வேறு. அதாவது கேட்பது ஒரே சங்கு, கேட்டபின் கூப்பிடும் ஆட்கள் வேறு. இப்படி ஒரே ஹார்மோனைக் கேட்கும் வெவ்வேறு ஏற்பிகளைத்தான் ஏற்பியின் உள்வகைகள் என்கிறோம். ஈஸ்ட்ரோஜனுக்கு செல்லின் சவ்வில் இருக்கும் மூன்றாவது ஏற்பி ஒன்றும் பேசப்படுகிறது. அதை இங்கே விட்டுவிடுகிறேன், இரண்டு பேர் கதையே போதுமான அளவு சிக்கல்.

இரண்டு பேர் ஒரே வீட்டில் இருக்கும்போது எந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருவரை வெளியூர் அனுப்பிவிட்டு வீட்டில் எந்த வேலை நின்றுபோகிறது என்று பார்க்கலாம். சுண்டெலியில் இதைச் செய்ய முடியும். குறிப்பிட்ட ஒரு ஜீனை மட்டும் செயலிழக்கச் செய்து சுண்டெலி பிறக்க வைக்கும் முறைக்கு 2007-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பரிசு பெற்ற மூவரில் ஒருவரான ஆலிவர் ஸ்மிதீஸ், 1993-இல் ஆல்ஃபா ஏற்பி இல்லாத முதல் சுண்டெலியை உருவாக்கிய குழுவிலும் இருந்தார். பீட்டா இல்லாத சுண்டெலி 1998-இல் வந்தது. (நம் வீட்டுச் சாக்கடையோரம் ஓடும் பெருச்சாளியை மனதில் கொண்டுவராதீர்கள். இது 25 கிராம் எடையுள்ள சின்ன உயிர். இதயம் நிமிடத்துக்கு 500, 600 தடவை துடிக்கும்.)

இனி நடந்ததை நான் வகுப்பில் எப்போதும் நேரம் எடுத்துச் சொல்வேன். எனக்கு அறிவியல் மேல் மரியாதை கூடியது இந்தக் கதையால்தான்.

நெஞ்சுவலி வந்தவருக்கு பலூன் வைத்து அடைப்பை எடுக்கிறார்கள் அல்லவா? அப்படி எடுக்கும்போது தமனியின் உட்சுவர் காயப்படும். காயம் ஆறும் வேகத்தில் தசைச் செல்கள் தாறுமாறாகப் பெருகி மறுபடி அடைத்துக்கொள்ளலாம். இதையே சுண்டெலியின் கழுத்துத் தமனியில் மெல்லிய கம்பியை விட்டு உரசிச் செய்து பார்ப்பார்கள். பெண் சுண்டெலியின் சூலகத்தை எடுத்துவிட்டுக் காயப்படுத்தினால் சுவர் தடித்துப்போகும். ஈஸ்ட்ரோஜன் திரும்பக் கொடுத்தால் அந்தத் தடிப்பு வெகுவாகக் குறையும். இந்தக் காவல் வேலையைச் செய்வது ஆல்ஃபாவா பீட்டாவா?

1997-இல் ஆல்ஃபா இல்லாத சுண்டெலியில் பார்த்தார்கள். ஈஸ்ட்ரோஜன் அப்போதும் காத்தது! அப்படியானால் அப்போதுதான் கண்டுபிடித்திருந்த பீட்டாதான் என்று எல்லோரும் திரும்பினார்கள். 1999-இல் பீட்டா இல்லாத சுண்டெலியில் பார்த்தார்கள். அதிலும் காத்தது. ஆல்ஃபா போனாலும் வேலை நடக்கிறது, பீட்டா போனாலும் நடக்கிறது. யார் செய்கிறார்கள்?

முடிச்சு அவிழ்ந்தது சுண்டெலியில்தான். 1993-இல் உருவான அந்த முதல் சுண்டெலியில் ஆல்ஃபாவின் ஜீன் முழுவதுமாக ஒழிந்திருக்கவில்லை. முன்முனை வெட்டுப்பட்ட ஒரு குட்டை ஆல்ஃபா கொஞ்சம் கொஞ்சமாக உருவாகிக்கொண்டே இருந்தது. வெளியூர் அனுப்பிய ஆள் பின்வாசல் வழியாக வந்து வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். ஆல்ஃபாவை அடியோடு நீக்கிய புதிய சுண்டெலியை உருவாக்கி அதே சோதனையைச் செய்தபோது, 2002-இல் பதில் வந்தது: காவல் போய்விட்டது. காயத்திலிருந்து தமனியைக் காப்பது ஆல்ஃபாதான். உரிந்துபோன உட்படலம் ஈஸ்ட்ரோஜனால் வேகமாக வளர்ந்து மூடுவதும் ஆல்ஃபா வழியாகத்தான், பீட்டா வழியாக இல்லை என்று 2001-இல் வேறொரு குழு காட்டியிருந்தது.

அப்படியானால் பீட்டாவுக்கு வேலையே இல்லையா? அதைச் சொல்ல, தமனித் துண்டு சோதனையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

முதுகலை படிக்கும்போது இதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சுண்டெலியின் பெருந்தமனி சேமியா பருமன்தான் இருக்கும். அதை எடுத்து, குளிர்ந்த உப்புக்கரைசலில் வைத்து, ஒட்டியிருக்கும் கொழுப்பை உருப்பெருக்கியின் கீழ் சின்னக் கத்தரியால் நீக்குவார்கள். பிறகு 2 மில்லிமீட்டர் நீள வளையங்களாக வெட்டுவார்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் தலைமுடி போன்ற இரண்டு கம்பிகள். ஒன்று கீழே அசையாமல் இருக்கும், மற்றது இழுவிசையை அளக்கும் கருவியோடு சேர்ந்திருக்கும். கரைசல் 37 டிகிரி வெப்பத்தில், ஆக்சிஜன் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். அதில் தசையைச் சுருக்கும் மருந்தை ஒரு துளி விட்டால், திரையில் கோடு மெல்ல மேலே ஏறுகிறது. அசிடைல்கோலின் விட்டால் இறங்குகிறது. உயிர் போன பிறகும், உடம்பை விட்டு வந்த பிறகும், மணிக்கணக்கில் அந்தச் சின்ன வளையம் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். முதல்முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓர் உயிரை எடுத்துத்தான் இதைத் தெரிந்துகொள்கிறோம் என்பது அந்த அறையில் யாருக்கும் மறக்கவில்லை.

இதே மாதிரிச் சோதனையில் ஈஸ்ட்ரோஜனை விட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. சாதாரணச் சுண்டெலியின் தமனியில் ஈஸ்ட்ரோஜன் சுருக்கத்தைக் குறைத்தது. பீட்டா இல்லாத சுண்டெலியின் தமனியில் அதே ஈஸ்ட்ரோஜன் சுருக்கத்தைக் கூட்டியது! அதே ஹார்மோன், ஒரே ஓர் ஏற்பி இல்லாததால் தலைகீழ் பலன். சாதாரணத் தமனியில் பீட்டா வழியாக ஈஸ்ட்ரோஜன் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதி ஒன்றைக் கூட்டுகிறது, அதனால் தசை தளர்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். பீட்டா இல்லாத சுண்டெலிகளுக்கு வயது ஏற ஏற ரத்த அழுத்தமும் ஏறியது, ஆணுக்கும் பெண்ணுக்கும். தசைச் செல்களில் அயனிகள் போய்வரும் வாசல்களும் ஒழுங்காக வேலை செய்யவில்லை.

ஆக, உட்படலத்தைப் பழுது பார்ப்பதும் அங்கே நைட்ரிக் ஆக்சைடை ஊறவைப்பதும் பெரும்பாலும் ஆல்ஃபா. தசையின் விறைப்பை அடக்குவதில் பீட்டாவுக்கும் கை உண்டு. பீட்டா விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும் என்பது என் கருத்து. அது எந்தத் திசுவில் எவ்வளவு இருக்கிறது என்று சொன்ன பழைய ஆய்வுகள் பல, அதற்கென்று விற்கப்பட்ட எதிர்ப்பொருட்களை, அதாவது குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் பொருட்களை, நம்பித்தான் கூறின. அவற்றில் பெரும்பாலானவை பீட்டாவைச் சரியாக அடையாளம் காணவில்லை என்று 2017-இல் தெரியவந்தது. ஜீனை நீக்கிய சுண்டெலி காட்டுவதை அதைவிட உறுதியாக நான் எடுத்துக்கொள்வேன்.

ஆல்ஃபாவிலேயே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஏற்பி பொதுவாகச் செல்லின் கருவுக்குள் போய், டிஎன்ஏ மேல் உட்கார்ந்து, ஜீன்களை முடுக்கிவிடும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். ஆனால் ஈஸ்ட்ரோஜன் பட்ட சில நிமிடங்களிலேயே உட்படலம் நைட்ரிக் ஆக்சைடு விடுகிறது. அவ்வளவு வேகம் கருவுக்குள் இருப்பவரால் முடியாது. ஆல்ஃபாவில் ஒரு பகுதி செல்லின் வெளிச்சவ்வில், வாசற்படியிலேயே நிற்கிறது. பிரான்ஸின் துலூஸ் நகர ஆய்வாளர்கள், 451-ஆம் இடத்தில் இருக்கும் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, ஆல்ஃபா சவ்வில் ஒட்ட முடியாத சுண்டெலியை உருவாக்கி 2014-இல் அறிவித்தார்கள். அந்தச் சுண்டெலியில் கருப்பை ஈஸ்ட்ரோஜனுக்கு வழக்கம்போல வளர்ந்தது. ஆனால் ரத்தக்குழாயில் அந்த வேகமான நைட்ரிக் ஆக்சைடும், உட்படலம் சீக்கிரம் மூடிக்கொள்வதும் நின்றுபோயின. ஏற்பியின் வகை மட்டும் போதவில்லை, அது வீட்டில் எங்கே நின்று கேட்கிறது என்பதும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் எலிக்குத்தானே, மனிதருக்கு என்ன என்று கேட்பீர்கள். 1994-இல் ஆல்ஃபா ஏற்பி வேலை செய்யாத ஓர் இளைஞரைப் பற்றி மருத்துவ இதழில் வந்தது. வயது 28. எலும்பு முனைகள் மூடாமல் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். அவருடைய ரத்தக்குழாய்களைப் பிறகு சோதித்தபோது உட்படலம் சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. ஒரே ஒருவரை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது, ஆனாலும் சுண்டெலி காட்டிய பக்கமே அவரும் காட்டினார்.

அப்படியென்றால் மாதவிலக்கு நின்ற எல்லோருக்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்துவிட்டால் என்ன? இதையும் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோன் வகையும் சேர்ந்த மாத்திரையைச் சோதித்தார்கள். மார்பகப் புற்றுநோயும் மாரடைப்பும் ரத்தக்கட்டும் கூடியதால் 2002-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அந்தப் பெண்களின் சராசரி வயது 63. பலருக்கு மாதவிலக்கு நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏற்கெனவே கொழுப்புப் படிந்த தமனி, இளம் தமனியைப் போல ஈஸ்ட்ரோஜனுக்குப் பதில் சொல்வதில்லை. தவிர, மாத்திரைக்கு ரத்தக்குழாய், மார்பகம், ஈரல் என்ற பேதம் தெரியாது. சங்கு ஊதினால் ஊர் முழுக்கத்தான் கேட்கும். சுண்டெலிக்கு நம்மைப் போல மாதவிலக்கு நிற்பதும் இல்லை, சூலகத்தை எடுத்துத்தான் அந்த நிலையை உண்டாக்குகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் காரணங்களால் தேவையான ஏற்பியை மட்டும், தேவையான இடத்தில் மட்டும் தொடும் மருந்தைத் தேடுகிறார்கள்.

அக்காவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. உட்படலத்தையும் ஆலைச் சங்கையும் மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு, கை கழுவி, சுருக்குப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். "அப்ப இது இன்னா பண்ணுது?"

டெல்மிசார்டன் என்று போட்டிருந்தது.

இது ஈஸ்ட்ரோஜன் சம்பந்தப்பட்ட மருந்து இல்லை. ஆஞ்சியோடென்சின் என்று இன்னொரு ஹார்மோன் இருக்கிறது, ரத்தக்குழாயை இறுக்குவது அதன் முக்கிய வேலை. அதற்கும் ஏற்பி இரண்டு வகை, ஏடி-1, ஏடி-2. இறுக்குவது ஏடி-1. ஏடி-2 பெரும்பாலும் அதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. 1995-இல் இங்கேயும் சுண்டெலிதான் சாட்சி சொன்னது: ஏடி-1 ஜீனை நீக்கிய சுண்டெலிக்கு அழுத்தம் இறங்கியது, ஏடி-2 ஜீனை நீக்கியதற்கு ஆஞ்சியோடென்சின் கொடுத்தால் அழுத்தம் வழக்கத்தைவிட அதிகமாக எகிறியது. சார்டன் என்று முடியும் மாத்திரைகள் ஏடி-1-ஐ மட்டும் மூடி, ஏடி-2-ஐத் திறந்தே விடுகின்றன. இதில் ஈஸ்ட்ரோஜனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. சூலகம் எடுத்த எலிகளின் ரத்தக்குழாயில் ஏடி-1 ஏற்பிகள் கூடுகின்றன, ஈஸ்ட்ரோஜன் திரும்பக் கொடுத்தால் குறைகின்றன.

"அக்கா, உங்க ஹார்மோன் குறைஞ்சதும் குழாயை இறுக்குற காது ஒண்ணு கூடிப்போயிருக்கலாம். இந்த மாத்திரை அந்தக் காதை மட்டும் பொத்துது. பக்கத்துல தளர்த்துற காது இருக்கு, அதைத் தொடாது."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதான் ஒருநாள் உட்டாகூட தல சுத்துதா?"

"அதனாலதானான்னு தெரியலக்கா. ஆனா பொத்தின கையை எடுத்தா மறுபடி கேட்கும். விடாமப் போடுங்க."